பூங்காவில் முளைத்த மைதானம்

ஊர்ப்பொது – 14

கோடை முற்றி வைரமேகத் தடாகத்தில் தண்ணீர் உள்வாங்கத் தொடங்கினால் எங்கள் உத்திரமேரூர்ப் பையன்களுக்கு ஒரு மைதானம் கிடைத்துவிடும். முதலில் கரையோரம் சேறு வெளியே தெரியும். பத்து நாள் வெயிலில் அது பாளம் பாளமாக வெடிக்கும். ஆடு மாடுகள் மேய்ந்து மிதித்து மட்டமாக்கிய பிறகு, யாரோ இரண்டு சவுக்குக் கழிகளைக் கொண்டுவந்து நடுவார்கள். எதிர்ப்பக்கத்துக்குக் கழி கிடைக்காத நாளில் செருப்புகளே கோல் கம்பம். பந்து பெரும்பாலும் தையல் விட்டிருக்கும். உள்ளே இருக்கும் பிளாடர் ஒரு பக்கம் பிதுங்கியபடியே உருளும். சூரியன் கலங்கல் பக்கம் சாயும் வரை ஆட்டம் நடக்கும்.

அந்த இடம் யாருடையது என்று எந்தப் பையனும் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஏரி ஊருடையது.

சென்ற மூன்று அத்தியாயங்களில் இந்த ஏரியையும் அதைப் பார்த்துக்கொண்ட சபையையும் பற்றி விரிவாகப் பேசினோம். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், கி.பி. 919லும் 921லும் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்தில் இன்றும் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்தில் இட்டு, உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொன்ன முறையைப் பார்த்தோம். சம்வத்சர வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர், ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். பதவிக்காலம் முந்நூற்று அறுபது நாள். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவனுடைய பெயரை மறுபடி குடத்தில் இட முடியாது. அவனுடைய உறவினர் பெயரையும் இட முடியாது.

இந்தத் தொடரில் நான் தேடிக்கொண்டிருப்பது ஒரே கேள்விக்கான விடையைத்தான்: பொதுவிடம் ஒன்று எத்தனை தலைமுறை பொதுவாகவே நிலைக்கும்? குளம், மேய்ச்சல் நிலம் என்று ஊருக்குள் பார்த்தவற்றை இந்த முறை கொஞ்சம் தள்ளி நின்று பார்க்கலாம். நம் ஏரி உள்வாய் மைதானத்திலிருந்து புறப்பட்டு, தமிழ்நாட்டுக் கால்பந்தின் பெரிய வீட்டுக்குப் போகலாம். சென்னை பெரியமேட்டில் இருக்கும் ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம்தான் அது. பெயர்ப் பலகை எதைச் சொன்னாலும் பஸ் நடத்துநருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது நேரு ஸ்டேடியம்.

பலகையில் மட்டும் மிஞ்சிய பூங்கா

உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் செங்கல்பட்டு, அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் பூங்கா நிலையம். ‘பார்க் ஸ்டேஷன்’ என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். எந்தப் பார்க் என்று யோசிப்பவர்கள் குறைவு. இறங்கிச் சுற்றிப் பார்த்தால் கண்ணில் படுவது சென்ட்ரல் நிலையத்தின் மணிக்கூண்டும் ரிப்பன் மாளிகையின் வெள்ளைச் சுவரும் வண்டி நெரிசலும்தான்.

ஆனால் பூங்கா இருந்தது. 1859ல் சென்னை ஆளுநராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன் ஓராண்டுக்குச் சற்று அதிகமாகத்தான் பதவியில் இருந்தார். புதிய வரிகளை எதிர்த்துத் தன் கருத்தைப் பகிரங்கமாக வெளியிட்டதால் திருப்பி அழைக்கப்பட்டார். அந்தக் குறுகிய காலத்தில் அவர் நகரத்துக்கு விட்டுப்போன சொத்து பீப்பிள்ஸ் பார்க். நூறு ஏக்கருக்கும் மேலான பரப்பில் குளங்களும் பாதைகளும் மரங்களுமாக, எல்லோரும் வந்து காற்று வாங்க ஓர் இடம். பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. மக்களின் பூங்கா. நம் பழைய சபையார் பார்த்திருந்தால், ஏரி வாரியத்துக்கும் தோட்ட வாரியத்துக்கும் சேர்த்தே வேலை வைத்த இடம் இது என்று சொல்லியிருப்பார்கள்.

நகரத்தின் உயிர்க்காட்சி சாலை இந்தப் பூங்காவில்தான் இருந்தது. 1855ல் எட்வர்ட் பால்ஃபர் வேறிடத்தில் தொடங்கிவைத்து, பிறகு இந்தப் பூங்காவுக்கு வந்த அந்த உயிர்க்காட்சி சாலை, 1985ல் வண்டலூருக்குப் போகும் வரை சென்னைக் குழந்தைகள் சிங்கத்தையும் குரங்கையும் பார்க்க வந்த இடம். ஆண்டு இறுதியில் இங்கே பெரிய பொருட்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31ஆம் நாள் அந்தப் பொருட்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். புத்தாண்டைக் கொண்டாட வந்த குடும்பங்கள் அவை. சென்னை நகரம் கண்ட மிகக் கொடிய விபத்துகளில் அது ஒன்று.

பூங்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. ஒரு மூலையில் விக்டோரியா பப்ளிக் ஹால் எழுந்தது. இன்னொரு மூலையில் மூர் மார்க்கெட் வந்தது. பழைய புத்தகம், கிராமபோன் தட்டு, லவ் பேர்ட்ஸ், பித்தளைச் சாமான் என்று எதையும் வாங்கலாம் என்று பேர்பெற்ற அந்தச் சந்தை 1985 மே மாதத் தீயில் அழிந்தது. மாநகராட்சியின் தலைமை அலுவலகமான ரிப்பன் மாளிகை 1913ல் திறக்கப்பட்டது. ரயில்வேக்கு ஒரு பங்கு, சாலைக்கு ஒரு பங்கு. குளங்கள் தூர்ந்தன. மை லேடீஸ் கார்டன் என்ற சிறு துண்டு தோட்டமாகவே தப்பியது. பூங்காவின் பெயர் ரயில் நிலையப் பலகையிலும், பூங்கா நகர் என்று தபால் முகவரியிலும் ஒட்டிக்கொண்டது.

இத்தனை பேர் பங்கு போட்ட பிறகும் ஒரு பங்கு விளையாட்டுக்கு வந்தது. அதில்தான் சென்னை மாநகராட்சி தன் விளையாட்டரங்கத்தைக் கட்டியது. இன்றைய நேரு ஸ்டேடியத்துக்கு அன்று கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று பெயர்.

இதை அழுத்திச் சொல்லவேண்டும். தனியார் கிளப்போ அரச குடும்பமோ கட்டிய மைதானம் இல்லை அது. 1688 செப்டம்பரில் உருவாகி, இந்தியாவின் மிகப் பழைய நகராட்சி மன்றம் என்று பேர் வாங்கிய மாநகராட்சி, வரி கட்டும் நகரவாசிகளுக்காக, ஒரு பொதுப் பூங்காவின் நிலத்தில் கட்டியது. அரங்கத்துக்கும் மாநகராட்சித் தலைமை அலுவலகத்துக்கும் இடையே நடந்து போகும் தூரம்தான். சபையும் ஏரியும் அருகருகே இருந்தது போல.

பத்தாண்டு தங்கிய விருந்தாளி

கால்பந்து அரங்கத்தின் கதையில் முதலில் கிரிக்கெட்டைச் சொல்வது விசித்திரமாகத் தோன்றலாம். ஆனால் இந்த மைதானத்தின் பெயர் உலகச் சாதனைப் பட்டியலில் ஏறியது கிரிக்கெட்டால்தான்.

1956 ஜனவரி. இந்தியாவும் நியூஸிலாந்தும் மோதிய தொடரின் ஐந்தாவது டெஸ்ட். அதுவரை சென்னையின் டெஸ்ட் ஆட்டங்கள் சேப்பாக்கத்தில்தான் நடந்துவந்தன. 1952ல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டதும் அங்கேதான். இந்த முறை ஆட்டம் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்துக்கு வந்தது. வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் தொடக்க ஆட்டக்காரர்களாக இறங்கினார்கள். முதல் நாள் முழுக்க ஒரு விக்கெட்டும் விழவில்லை. மறுநாள் ஜோடி பிரிந்தபோது பலகையில் 413. மன்கட் 231, ராய் 173. முதல் விக்கெட்டுக்கான அந்த உலகச் சாதனை 52 ஆண்டுகள் நின்றது. 2008ல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கென்ஸியும் சிட்டகாங்கில் 415 எடுத்தபோதுதான் அது முறிந்தது. மன்கட்டின் 231 என்ற இந்தியத் தனிநபர் சாதனையை 1983ல் கவாஸ்கர் 236 எடுத்துத் தாண்டினார். அதுவும் இதே சென்னையில், சேப்பாக்கத்தில்.

1956 முதல் 1965 வரை இங்கே ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை வீழ்த்தி, அந்த நாட்டுக்கு எதிராக முதன்முறையாக ஒரு தொடரை இந்தியா வென்று முடித்த மண் இது. 1964 ஜனவரியில் பாபு நட்கர்னி இங்கிலாந்துக்கு எதிராக 32 ஓவர் வீசி 5 ரன் மட்டுமே கொடுத்தார். அதில் தொடர்ச்சியாக 21 ஓவர் மெய்டன். 131 பந்துகளுக்கு ஒரு ரன்கூட வராமல் காத்திருந்த கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்து ரசிகர்களின் பொறுமையும் ஒரு சாதனைதான்.

1967ல் டெஸ்ட் ஆட்டம் சேப்பாக்கத்துக்குத் திரும்பியது. பிறகு இங்கே வரவில்லை. கிரிக்கெட் பத்தாண்டு தங்கி, வீட்டுக்குப் பேர் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன விருந்தாளி. விருந்தாளி போன பிறகும் வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அந்த அடுப்பு கால்பந்து.

வீட்டுக்காரர்கள்

வடசென்னையில் கால்பந்து எப்படி வேர் பிடித்தது என்று கேட்டால் பழையவர்கள் பெரம்பூரைக் காட்டுவார்கள். ரயில்வே பட்டறை, பின்னி ஆலை, அவற்றைச் சுற்றி ஆங்கிலோ இந்தியக் குடியிருப்புகள், தொழிலாளர் வரிசை வீடுகள். சிப்பாய்களும் பட்டறை அதிகாரிகளும் உதைத்த பந்து வேலியைத் தாண்டித் தெருவுக்கு வந்தது. தெரு அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. வியாசர்பாடி, புளியந்தோப்பு, ராயபுரம் என்று அது உருண்டது. கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், காப்பு வேண்டும், நாள் முழுக்க வேண்டும். கால்பந்துக்கு ஒரு பந்தும் ஷிப்ட் முடிந்த பிறகு மிச்சமிருக்கும் ஒரு மணி நேர வெளிச்சமும் போதும்.

அடுத்த கட்டம் அலுவலகங்களால் வந்தது. திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையான விம்கோ, 1955ல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி, ஏ.ஜி.எஸ். அலுவலகம், வருமான வரித்துறை, சுங்கத்துறை ஆகியவை ஆளுக்கொரு அணி வைத்துக்கொண்டன. சென்னை லீக் என்பது இவர்களுக்கும் தெருவில் முளைத்த சிறு கிளப்புகளுக்கும் இடையே ஆண்டுதோறும் நடந்த போர். கீழ் டிவிஷனில் ஆடும் பையனை ஒரு அலுவலக அணியின் கண் பார்த்துவிட்டால் அவனுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை. அந்த வேலையோடு அவன் தம்பிக்குப் படிப்பு, தங்கைக்குக் கல்யாணம், அம்மாவுக்கு ஓட்டு வீடு. தமிழ்நாட்டில் கால்பந்து எத்தனையோ குடும்பங்களை இப்படித்தான் கரையேற்றியது. இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக் வரை போய் ஆடியது. அதன் வீரர்களில் பலர் காலையில் பயிற்சி செய்துவிட்டு மேஜைக்குத் திரும்பியவர்கள்.

தமிழ்நாடு கால்பந்துச் சங்கத்தின் வேர் 1934 வரை போகிறது. நீண்ட காலமாகவே சங்கத்தின் முகவரியும் இந்த அரங்கம்தான். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் தலைமையகமும் இதே வளாகத்தில் இருக்கிறது. மாவட்டத்திலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு வரும் பயிற்சியாளர், கூடவே வந்த பையனுக்கு ஜன்னல் வழியாகவாவது புல்தரையைக் காட்டாமல் திரும்புவதில்லை.

260 நாள்

பழைய ஸ்டேடியத்தை அடியோடு மாற்றியது 1993. 260 நாட்களில் புதிய அரங்கம் எழுந்து நின்றது. ஜவகர்லால் நேருவின் பெயர் தாங்கிய அரங்கத்துக்கு முதல் பெரிய விழாவாக வந்ததும் அவர் பெயராலேயே நடக்கும் சர்வதேசக் கால்பந்துப் போட்டிதான். 1993ஆம் ஆண்டு நேரு கோப்பை இங்கே நடந்தது. கோப்பையை வட கொரியா கொண்டுபோனது. இரண்டே ஆண்டில், 1995 டிசம்பரில், தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் சென்னைக்கு வந்தன. நேரு ஸ்டேடியம் அதன் மைய அரங்கம்.

புதிய அரங்கத்தில் சுமார் 40,000 பேர் உட்காரலாம். நடுவே புல்தரை. அதைச் சுற்றி எட்டு ஓடுதடங்களோடு செயற்கை இழைத் தடகளப் பாதை. அந்தப் பாதையைத் தாண்டித்தான் கேலரி தொடங்குகிறது. இந்த அமைப்பில் ஒரு நன்மை, ஒரு குறை. நன்மை என்னவென்றால், ஒரே அரங்கம் இரண்டு விளையாட்டுக்கு வீடாகிறது. காலையில் தடகள வீரர்கள் ஓட, மாலையில் கால்பந்து ஆடலாம். குறை, கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்குக் கோல் கொஞ்சம் தூரத்தில் நடக்கும். ரோம் நகரத்து ஒலிம்பிக் அரங்கத்திலும் ரசிகர்கள் இதே குறையைச் சொல்வார்கள். தடகளப் பாதை இல்லாமல் கால்பந்துக்கென்றே கட்டிய அரங்கங்களில், பக்கவாட்டில் பந்து எறிய வரும் வீரனின் மூச்சிரைப்புகூட முதல் வரிசைக்குக் கேட்கும். நேரு ஸ்டேடியத்தில் அந்த நெருக்கத்தைச் சத்தத்தால்தான் ஈடு செய்யவேண்டும். சென்னை ரசிகர்கள் செய்கிறார்கள்.

2014ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியபோது சென்னையின் எஃப்.சி. இதைத் தன் சொந்த மைதானமாக்கிக்கொண்டது. மரீனா அரினா என்று இன்னொரு பெயரும் சேர்ந்தது. உலகக் கோப்பை வென்ற இத்தாலியின் மார்கோ மத்தெராஸி பயிற்சியாளர். அந்த ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கேரளத்துக்கு எதிரான அரையிறுதியை நேரில் பார்த்தவர்கள் இன்றும் பேசுகிறார்கள். முதல் சுற்றில் கொச்சியில் 0-3 என்று தோற்றுவிட்டு வந்த அணி, இங்கே மூன்று கோல் போட்டுச் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில், 117ஆவது நிமிடம், ஒரே ஒரு கோல் வாங்கி வெளியேறியது. அந்த இரவு 40,000 இருக்கைகளும் ஒரே நொடியில் அமைதியானதாகச் சொல்வார்கள்.

அடுத்த ஆண்டு கோப்பை வந்தது. ஆனால் அரையிறுதியின் முதல் சுற்றைச் சொந்த மைதானத்தில் ஆட முடியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளம். எங்கள் மாவட்டத்து ஏரிகள் நிரம்பிக் கலங்கல் தாண்டி ஓடின. சென்னை மூழ்கியது. சென்னையின் சொந்த மைதான ஆட்டம் புனேவுக்குப் போனது. குளங்களாக இருந்த ஒரு பூங்காவின் மேல் வளர்ந்த நகரப் பகுதிக்கு, தண்ணீர் தன் பழைய முகவரியை நினைவுபடுத்திய மாதம் அது.

மார்ச் 13, இரவு

2018 மார்ச் 13ஆம் நாள் நான் அந்த அரங்கத்தில் இருந்தேன். கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் சுற்று. கோவாவில் நடந்த முதல் சுற்று 1-1. எங்கள் தெருப் பையன் ஒருவனையும் அழைத்துப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு. ஏரி உள்வாயில் செருப்புக் கோலுக்குக் காவல் நிற்பவன். அதுவரை சினிமாத் தியேட்டரைத் தவிர இவ்வளவு பேரை ஒரே இடத்தில் பார்த்ததில்லை.

வாசலில் சோதனை, தண்ணீர்ப் பாட்டிலை வாங்கி ஓரமாகப் போடுவது, இருட்டான படிக்கட்டு. அந்தப் படிக்கட்டில் ஏறி முடிக்கும் இடம்தான் எந்த ஸ்டேடியத்திலும் முக்கியமான இடம் என்று நினைக்கிறேன். தலை மேலே வந்ததும் திடீரென்று முழு வெளிச்சம், முழுப் பச்சை. பையன் கடைசிப் படியிலேயே நின்றுவிட்டான். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவன் நகரவில்லை.

“மாமா, இது மேல எப்டி மாமா மிதிக்கிறாங்க? மெத்த மாதிரி கீது.”

உட்கார்ந்த பிறகும் அவன் பந்தைப் பார்க்கவில்லை. கோல் கீப்பரையே பார்த்துக்கொண்டிருந்தான். கோல் கீப்பர் சூடு ஏற்றிக்கொள்ள வலதும் இடதும் பாய்ந்து விழுந்தபோது, “அடி படல பாரு மாமா” என்றான். அவனுடைய இரண்டு முழங்கைகளிலும் களிமண் வெடிப்புகள் கொடுத்த தழும்பு உண்டு.

26ஆவது நிமிடம் சென்னை வீரர் ஜெஜெ ஒரு கோல். மூன்று நிமிடம் கழித்து அடுத்தது. அந்த இரண்டாவது கோலைப் போட்டவர் தனபால் கணேஷ். கூட்டம் எழுப்பிய சத்தம் முதல் கோலுக்கு வந்ததைவிட வேறு மாதிரி இருந்தது. எங்கள் முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் திரும்பி யாரிடம் என்றில்லாமல், “நம்ம வியாசர்பாடிப் பையன்பா, நம்ம பையன்!” என்று கத்தினார். கண்ணில் தண்ணீர். வியாசர்பாடி அந்தக் கேலரியிலிருந்து சில கிலோமீட்டர்தான். பட்டறையும் ஆலையும் தெருவுக்குக் கொடுத்த பந்து, பல தலைமுறை உருண்டு, அந்த இரவு வலைக்குள் போய்ச் சேர்ந்தது. கடைசியில் ஜெஜெ இன்னொரு கோல். 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரில் இறுதி ஆட்டத்தை 3-2 என்று வென்று சென்னை இரண்டாம் முறை கோப்பை வாங்கியது.

ஆட்டம் முடிந்து பூங்கா நிலையம், செங்கல்பட்டு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது உத்திரமேரூர் பஸ் இல்லை. பஸ் நிலையச் சிமென்ட் மேடையில் துண்டை விரித்துப் படுத்தோம். பையன் தூங்கவில்லை. விடியற்காலை முதல் பஸ் வரும் வரை கேள்விகள். “அந்த கிரவுண்டு எத்தினி அடி மாமா?” என்பது அவற்றில் ஒன்று. சர்வதேச அளவு 105 மீட்டருக்கு 68 மீட்டர் என்றேன். இரண்டு எண்களையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

எந்தக் கணக்கு?

ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கமும் ஒரு நகராட்சி கட்டியதுதான். 1950 உலகக் கோப்பைக்காகக் கட்டினார்கள். அங்கே புல்தரையை ஒட்டி ‘ஜெரால்’ என்று ஒரு பகுதி. இருக்கை கிடையாது, நின்றுதான் பார்க்கவேண்டும். சீட்டு விலை மிகக் குறைவு. ஏழைகளின் இடம். 2005ல் அதை மூடினார்கள். அடுத்தடுத்த புதுப்பிப்புகளில் அரங்கம் பளபளப்பானது, பாதுகாப்பானது. ஆனால் மரக்கானாவை மரக்கானாவாக்கியவர்களில் பலர் வெளியே நின்றுவிட்டார்கள் என்று அந்த நகரம் இன்றும் வருந்துகிறது.

நம் அரங்கத்துக்கும் இப்படி ஒரு கேள்வி உண்டு. இங்கே கால்பந்தோடு இசை நிகழ்ச்சிகளும் அரசு விழாக்களும் நடக்கின்றன. பெரிய அரங்கத்தைப் பராமரிக்கப் பணம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஆண்டு முடிவில் எத்தனை நாள் இந்தப் புல்லில் பந்து உருண்டது, அதில் எத்தனை நாள் பள்ளிப் பிள்ளைகளும் லீக் அணிகளும் உருட்டினார்கள் என்று ஒரு கணக்கு வேண்டும். வரவு செலவுக் கணக்கு அலுவலகத்தில் இருக்கும். நான் கேட்பது ஆட்டக் கணக்கு. சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக்கில் தன் முதல் ஆண்டை இந்த அரங்கத்தில்தான் ஆடியது. பிறகு கோவைக்குப் போனது. 2018-19ல் அது இந்தியாவின் சாம்பியன் ஆனபோது அதன் சொந்த மைதானம் கோவையின் நேரு ஸ்டேடியம். பெயர் ஒன்று, ஊர் வேறு.

பெண்கள் பக்கம் பாருங்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் நடந்த தேசிய மகளிர் கால்பந்தில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாடு கோப்பை வாங்கியது. மணிப்பூரை வெல்வது சாதாரணமல்ல. பெண்கள் கால்பந்தில் அவர்கள் பல ஆண்டு ராஜ்யம் நடத்தியவர்கள். அடுத்த ஆண்டு மதுரையின் சேது எஃப்.சி. இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூர் போன்ற மாவட்டங்களிலிருந்து, பெரிய அரங்கத்தின் நிழலே படாத மைதானங்களிலிருந்து வந்த பெண்களும் இந்த வெற்றிகளில் பங்கு கொண்டவர்கள். மாநிலத்தின் பெரிய வீட்டுக் கதவு அவர்களுக்கு எத்தனை மாலை திறக்கிறது என்பதும் அந்த ஆட்டக் கணக்கில் ஒரு வரியாக இருக்கவேண்டும்.

கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடாதே என்று எங்கள் ஊர்க் கல்லில் வெட்டியவர்களுக்குக் கணக்கு என்பது காசு மட்டும் இல்லை. ஏரியை எப்படி வாங்கினாயோ அப்படியே, முடிந்தால் இன்னும் ஆழமாக, அடுத்த முந்நூற்று அறுபது நாள் வாரியத்திடம் ஒப்படைத்தாயா என்பதே கணக்கு. அதனால்தான் ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு கழித்தும் அந்த ஏரியின் பேர் நிற்கிறது, மழை பெய்தால் தண்ணீர் நிற்கிறது. டிரெவெல்யன் கொடுத்த பூங்காவுக்கு அப்படி ஒரு வாரியம் வாய்க்கவில்லை. இருநூறு ஆண்டுகூட ஆகவில்லை, ரயில் நிலையப் பலகையில் போய் ஏறிக்கொண்டது. அந்தப் பூங்காவின் பெரிய மிச்சம் இந்த ஸ்டேடியம். இதை மக்களின் இடமாகவே அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பது நம் கையில் இருக்கிறது. ஆட்டம் நடக்கிற நாளில் போய் உட்காருவதும், பிள்ளைகளை அழைத்துப் போவதும், லீக் ஆட்டம் எப்போது என்று கேட்பதும் அந்த வாரிய வேலையில் சேர்த்திதான்.

அந்த மார்ச் இரவுக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தேன். கீழே உள்வாயில் நம் பையன் காலடி வைத்து அளந்துகொண்டிருந்தான். நான்கு பேர் கூட. ஒருவன் கையில் சுண்ணாம்புச் சட்டி. நூற்றைந்து மீட்டருக்கு எத்தனை காலடி என்று ஏதோ கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். எண்பது மீட்டர் தாண்டியதும் யாரோ மண் அள்ளிவிட்டுப் போன முழங்கால் ஆழக் குழி ஒன்று குறுக்கே வந்தது. அங்கேயே நின்று பேசினார்கள். பெரிய மைதானத்தைச் சின்னதாக்கிக்கொள்ளலாம் என்று ஒருவன் சொன்னது காற்றில் கேட்டது.

மாலையில் மறுபடி போனேன். இரண்டு மண்வெட்டி, மூன்று கூடை, பதினோரு பையன்கள். குழியில் பாதி நிரம்பியிருந்தது.

(அடுத்த அத்தியாயம்: ஊர்ச் சாவடி)